கணக்குக் கொடுக்காத வேட்பாளர்

என் பெயர் பொற்கொடி, வயது 41. கணவர் பெயர் கலைச்செல்வன், அவர் உயிரோடு இல்லை. கம்மாபுரம் ஒன்றியம் வடவெளிமங்கலம் காலனியில் ஏரிப் புறம்போக்கில் வீடு கட்டிக் குடியிருக்கிறேன். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியாகப் பதினான்கு வருடம் வேலை பார்த்தேன், இப்போது வேலை இல்லை. எட்டாவது வரை படித்திருக்கிறேன், தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். சண்முகப்ரியா என்று ஒரு பெண் இருக்கிறாள், பன்னிரண்டாவது படிக்கிறாள். ஒன்றிய அலுவலகத்தில் வேட்புமனுவைக் கிழித்ததாக என் மேல் போட்டிருக்கும் வழக்கில் நோட்டீஸ் வாங்கிக்கொண்டு இன்று நானாகவே நிலையத்துக்கு வந்து, ஆய்வாளர் ஐயா கேட்க, பெண் காவலர் உடனிருக்க இதைச் சொல்கிறேன். அந்த மனுவைக் கிழித்தது நான்தான். அதை முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளச் சொன்னேன். எல்லாம் வரிசையாக வரட்டும், ஆரம்பத்திலிருந்து சொல் என்று ஐயா சொன்னதால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஒப்பந்ததாரர் பெயர் வெங்கடேஷ். அவருக்கும் சொந்த ஊர் வடவெளிமங்கலம்தான், அவர் ஊர்த்தெரு, நாங்கள் காலனி. டவுன்ஷிப்பில் தெருப் பெருக்குவது, குப்பை வாருவது, காலியான குவார்ட்டர்ஸைக் கழுவுவது எல்லாம் அவர் ஆட்கள் செய்கிற வேலை. கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும் யாருக்குப் பாஸ் போடுவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பது அவர் கையில் இருந்தது. என்னைவிட மூன்று வயது சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

சென்ற சட்டமன்றத் தேர்தலுக்கு மனுத்தாக்கல் தொடங்கிய இரண்டாம் நாள், காலை ஷிப்ட் முடிந்து கையெழுத்துப் போடப் போனபோது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நெய்வேலி தொகுதியில் நான் சுயேச்சையாக நிற்க வேண்டும் என்று சொன்னார். நான் சிரித்துவிட்டேன். என் ஓட்டே அந்தத் தொகுதியில் இல்லை என்றேன். தமிழ்நாட்டில் எந்தத் தொகுதியில் ஓட்டு இருந்தாலும் எங்கேயும் நிற்கலாம், வாக்காளர் பட்டியல் நகல் வைத்தால் போதும் என்று அவர் எல்லாம் தெரிந்து வைத்திருந்தார். பேருக்கு நின்றால் போதும், யாரிடமும் ஓட்டுக் கேட்கத் தேவையில்லை, டெபாசிட் அவர் கட்டுவார், அடுத்த கான்ட்ராக்டில் என் பாஸுக்கு அவர் பொறுப்பு என்றார். மாட்டேன் என்று சொன்னால் பாஸ் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எதற்காக இது என்று எங்கள் சூப்பர்வைசர் மாடசாமிதான் பிறகு டீக்கடையில் விளக்கினார். ஒரு வேட்பாளர் இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று தேர்தல் கமிஷன் ஒரு அளவு வைத்திருக்கிறது, கார், மைக், நாற்காலி, சாமியானா, டீ வரைக்கும் கணக்கில் ஏறும், அதற்கு மேல் போனால் வம்பு. அதனால் பெரிய கட்சி வேட்பாளருக்காக ஓடுகிற காரில் பாதி, என்னைப் போன்ற சுயேச்சைகள் பெயரில் பெர்மிட் வாங்கி ஓடும், செலவு எங்கள் தலையில் எழுதப்படும். ஓட்டுச்சாவடியில் எனக்கு ஏஜெண்ட் என்று உட்காருகிறவனும் அவர்கள் ஆள்தான். அந்த வேட்பாளர் பெயர் இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று ஐயா சொல்வதால் சொல்லவில்லை.

அதன் பிறகு வெங்கடேஷின் கணக்குப்பிள்ளை பென்சிலில் குறி போட்டுக் கொடுத்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். முன்மொழிகிற பத்துப் பேரை அவர்களே கூட்டி வந்தார்கள், பத்துப் பேரில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. தேர்தல் செலவுக்கென்று என் பெயரில் வங்கியில் ஒரு கணக்குத் தொடங்கினார்கள், பாஸ்புக்கை நான் கண்ணால் பார்த்ததோடு சரி. தபால் முகவரி என்ற இடத்தில் டவுன்ஷிப்பில் இருக்கும் விஜயராஜ் சார் குவார்ட்டர்ஸ் முகவரியை எழுதச் சொன்னேன். அவர் மைன்ஸில் பெர்மனென்டாக இருந்தவர், வேலை முடிந்து அவர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பேன், சமையல் கேஸ் புத்தகம், வங்கிக் கடிதம் எல்லாம் எனக்கு அந்த முகவரிக்குத்தான் வரும். எங்களில் பலபேர் அப்படித்தான் ஒரு குவார்ட்டர்ஸ் முகவரி வைத்திருக்கிறோம், காலனி முகவரிக்குப் போட்டால் கடிதம் ஊர்த்தெருவிலேயே நின்றுவிடும்.

எனக்கு இஸ்திரிப் பெட்டி சின்னம் கொடுத்தார்கள். என் பெயர் ஒட்டிய கார்கள் என் பக்கத்திலேயே புழுதி கிளப்பிக்கொண்டு போகும், நான் தெருவைப் பெருக்கிக்கொண்டிருப்பேன். செலவுக் கணக்குப் புத்தகத்தைப் பார்வையாளரிடம் மூன்று தடவை காட்ட வேண்டும் என்று சொல்லி இரண்டு தடவை என்னைக் காரில் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். எண்ணிக்கை அன்று எனக்கு நூற்றுப் பதினேழு ஓட்டு விழுந்திருந்தது. என் ஓட்டுகூட அதில் இல்லை, யாரையும் நான் கேட்கவும் இல்லை, அந்த நூற்றுப் பதினேழு பேர் யார் என்று ரொம்ப நாள் யோசித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது, அதை மறைக்கவில்லை.

முடிவு வந்து முப்பது நாளுக்குள் எல்லா வேட்பாளரும் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும், தோற்றவர்களும் கொடுக்க வேண்டும் என்று மாடசாமி சொன்னதால் ஒரு நாள் வெங்கடேஷிடம் கேட்டேன். அது முடிந்துபோன கதை, வேலையைப் பாருங்கள் என்றார். நான் வேலையைப் பார்த்தேன். இது என் குற்றம், இதற்கு வேறு யாரையும் சொல்ல மாட்டேன்.

அதற்குள் விஜயராஜ் சார் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டார். முகவரியை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கார்த்திகையில் மழை விட்டதும், காலி வீடுகளைப் புது ஆட்களுக்கு ஒதுக்கப்போகிறார்கள் என்று எங்களைக் கழுவ அனுப்பினார்கள். பூட்டிக் கிடக்கும் கதவுகளில் கேபிள்காரர் சீட்டு, டியூஷன் நோட்டீஸ், கட்சி நோட்டீஸ் எல்லாம் ஒட்டியிருக்கும், ஒன்றையும் விடாமல் சுரண்டிவிட்டுத்தான் கழுவ வேண்டும் என்று மாடசாமி சொல்லியிருந்தார். அன்றைக்கு நான் ஏழு கதவு சுரண்டினேன். விஜயராஜ் சார் வீட்டுக் கதவில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். மழையில் மை கரைந்து வழிந்துபோய், தேர்தல், வேட்பாளர் என்ற இரண்டு வார்த்தைதான் தெரிந்தன. தேர்தல் முடிந்து ஆறு மாதம் ஆகியும் இந்த எழவு போகவில்லையே என்று திட்டிக்கொண்டே தண்ணீர் தெளித்து ஊற வைத்து, தகட்டால் சுரண்டி வாளியில் போட்டேன். ஒன்பது வருடம் எனக்குச் சோறு போட்ட வீடு என்பதால் அந்தக் கதவை மட்டும் இரண்டு தடவை கழுவினேன்.

அதன் பிறகு நடந்தது எங்கள் காலனி சம்பந்தப்பட்டது. ஏரிப் புறம்போக்கில் இருக்கும் எங்கள் நாற்பத்து மூன்று வீடுகளையும் ஆக்கிரமிப்பு என்று எடுக்கப் போகிறார்கள், பட்டா இல்லாததால் நஷ்டஈடு கிடையாது, ஆனால் அங்கேயே குடியிருந்தவர்கள் என்று ஊராட்சித் தலைவர் சான்று கொடுத்தால் வேறு இடத்தில் ஆளுக்கு மூன்று சென்ட் மனை உண்டு என்று தாசில்தார் வந்து சொன்னார். அப்போது ஊராட்சிக்குத் தலைவர் இல்லை. தலைவர் இடத்தில் இருந்த தனி அலுவலரிடம் போனால், தேர்தல் வரட்டும், தலைவர் வந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். இதற்கிடையில் வெங்கடேஷ் தன் ஆட்கள் பத்தொன்பது பேர் பெயரை எங்கள் பட்டியலில் சேர்க்கப் பார்க்கிறார், அத்தனை பேருக்கும் இடம் இல்லாததால் எங்களில் பத்தொன்பது பேர் விழுந்துவிடுவார்கள் என்று தெரியவந்தது.

அந்த நேரம் உள்ளாட்சித் தேர்தல் அறிவித்து, எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு என்று வந்தது. இதுவரை ஊர்த்தெருவைத் தாண்டாத பதவி. காலனியில் கூட்டம் போட்டார்கள். கூட்டத்தை நடத்தியது கண்ணையன், எனக்கு மாமா முறை, பழைய செங்கல் சூளைத் தொழிலாளி. சட்டமன்றத் தேர்தலிலேயே நின்றவள், ஆபீஸ் ஏறி இறங்கியவள், எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று சொல்லி என்னை நிற்கச் சொன்னது அவர்தான். நான் எப்படி நின்றேன் என்பது காலனியில் யாருக்கும் தெரியாது. அங்கேயே எழுந்து சொல்லியிருக்கலாம். பதினான்கு வருடமாகக் குப்பைக்காரி என்று கேட்டுப் பழகின காதில், முதல் தடவையாக நாலு பேர் முன்னால் மரியாதையாக ஒரு பேச்சு விழுந்தது, வாயைத் திறக்க மனசு வரவில்லை.

ஓட்டுப் பிரிந்தால் ஊர்த்தெரு சொல்கிற ஆள் ஜெயித்துவிடுவாள் என்று பயந்து, என்னைத் தவிர காலனியில் வேறு எந்தப் பெண்ணும் மனுப் போடக்கூடாது என்று மாரியம்மன் கோயிலில் நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்களும் சூடம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். கட்சிக்காரர்கள் எப்போதும் கூடவே ஒரு மாற்று வேட்பாளரையும் போட்டு வைப்பார்கள், அது எங்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சத்தியத்தை மீற யாரும் துணிந்திருக்க மாட்டார்கள். மீறியது ஒரே ஒரு வீடு. கடைசி நாள், மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில், அம்சவல்லி மனுப் போட்டாள். அம்சவல்லி எங்கள் காலனிப் பெண், அவள் புருஷன் வெங்கடேஷிடம் டிரைவர். அவளுக்கு மனைக்குச் சத்தியம் செய்து கொடுத்திருப்பார்கள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, என்னைப் பயமுறுத்தினது போலத்தானே அவளையும் பயமுறுத்தியிருப்பார்கள்.

மறுநாள் மனுப் பரிசீலனை. ஒன்றிய அலுவலகத்துக்கு நானும் கண்ணையன் மாமாவும் காலனிக்காரர்கள் பத்துப் பேரும் போனோம், நான் மட்டும் உள்ளே போனேன், மற்றவர்கள் வெளியே நின்றார்கள். எங்கள் ஊராட்சி முறை வந்ததும், அம்சவல்லி பக்கத்தில் நின்ற வெங்கடேஷ் கம்ப்யூட்டரில் எடுத்த ஒரு தாளைத் தேர்தல் அலுவலரிடம் கொடுத்தார். அலுவலர் அதைப் படித்துவிட்டு, போன் செய்து யாரிடமோ பேசி, பிறகு வேறு ஒரு பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு விளக்கினார். சட்டமன்றத் தேர்தலில் நின்று செலவுக் கணக்குக் கொடுக்காததால் தேர்தல் கமிஷன் என்னை மூன்று வருடத்துக்குத் தகுதி நீக்கம் செய்திருக்கிறது. சட்டமன்றத்துக்கு நிற்கத் தகுதியில்லாதவர் ஊராட்சிக்கும் நிற்க முடியாது. இன்னும் பதினோரு மாதம் பாக்கி இருக்கிறது.

எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை என்றேன். விளக்கம் கேட்ட நோட்டீஸைக் கொடுக்க ஆள் வந்தபோது வீடு பூட்டியிருந்ததால், இரண்டு சாட்சி வைத்துக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள் என்று தேதி, பிளாக் நம்பர், கதவு நம்பர் எல்லாம் வாசித்தார். அது விஜயராஜ் சார் வீட்டுக் கதவு நம்பர். யோசிக்காமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"ஐயா, அந்தத் தாள நாந்தாங்க சொரண்டி வாளியில போட்டேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப உங்க கைக்கு வந்து சேந்துடுச்சுன்னுதானேம்மா அர்த்தம்?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்டார். அவர் செய்தது சட்டப்படி சரி என்று அன்றைக்கும் எனக்குத் தெரிந்தது, இன்றைக்கும் தெரியும். கார் ஓட்டினவர்கள் மேல் ஒரு கேள்வி இல்லை, காசு கொடுத்தவர்கள் மேல் ஒரு கேள்வி இல்லை, சட்டம் நேராக வந்து தெருப் பெருக்குகிறவளைப் பிடித்துக்கொண்டது. நான் வெங்கடேஷைப் பார்த்தேன். கணக்கைக் கொடுக்காமல் விட்டதும் அவர், அதை நினைவு வைத்திருந்து தாள் எடுத்து வந்ததும் அவர். "விடுங்கக்கா, இன்னும் பதினோரு மாசந்தான்," என்றார்.

என் மனு தள்ளுபடி என்று எழுதினார்கள். பிறகு அம்சவல்லியின் மனுவை எடுத்து மேஜை மேல் வைத்தார்கள். அது ஒன்றுதான் மிச்சம். நான் எட்டி அந்தத் தாளைப் பறித்து இரண்டாகவும், பிறகு நாலாகவும் கிழித்தேன். யாரையும் அடிக்கவில்லை, மேஜையைத் தள்ளவில்லை, அலுவலரைப் பிடித்துத் தள்ளியதாகப் புகாரில் இருப்பது உண்மையல்ல. வெங்கடேஷைப் பார்த்துக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னது உண்மை. கிழித்தால் ஊராட்சிக்கு வேட்பாளரே இல்லாமல் போய்விடும், தேர்தலைத் தள்ளி வைப்பார்கள், பதினோரு மாதம் ஓடிவிடும் என்று நான் திட்டம் போட்டேனா என்று ஐயா கேட்கிறார்கள். அவ்வளவு புத்தி அந்த நேரம் எனக்கு இல்லை. ஆத்திரம் மட்டும்தான் இருந்தது. யாரும் தூண்டிவிடவில்லை. உதவியாளர் ஒருவர் நாலு துண்டையும் பொறுக்கி, டேப் போட்டு ஒட்டி, பத்து நிமிடத்தில் முழுத்தாள் ஆக்கிவிட்டார். மனு வாங்கும்போதே நகலும் எடுத்து வைத்திருந்தார்கள். அம்சவல்லி போட்டியின்றித் தேர்வானாள்.

வெளியே வந்ததும் காலனிக்காரர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாஸுக்காக வெங்கடேஷ் சொல்லி நின்றேன் என்றதும் கண்ணையன் மாமா தலையில் கை வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் என்னை விட்டுவிட்டு பஸ் ஏறினார்கள். எத்தனை லட்சம் வாங்கினாள் என்று என் காதுபடவே பேசினார்கள். அடுத்த திங்கட்கிழமை என் பாஸ் ரத்தாகிவிட்டது. காலனிக் குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். என் பெண்ணிடமும் யாரும் பேசுவதில்லை, அவள் அதற்காக என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, அவள் கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அம்சவல்லி தலைவர் பதவி ஏற்ற பிறகு, சென்ற ஞாயிற்றுக்கிழமை, கண்ணையன் மாமா என் வீட்டுக்கு வந்தார். பரிசீலனைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அன்றைக்குத்தான். காலனியில் எல்லாரும் போய் அம்சவல்லி காலில் விழாத குறையாகக் கேட்டதாகவும், வெங்கடேஷ் தன் பத்தொன்பது பெயரை வேறு வழியில் பார்த்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டு, அதற்கு ஒரே ஒரு கண்டிஷன் போட்டதாகவும் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாப்பத்திரெண்டு வூடு நெலைக்கணும்னா உன் வூடு பட்டியல்ல இருக்கக்கூடாதுங்கறான்ம்மா."

"எழுதிக் குடுத்துட்டீங்களா மாமா, இனிமேதானா?"

"குடுத்துட்டம்."

பட்டியல் போய்விட்டது. அதிகாரிகள் வந்து எண்ணிப் பார்த்தால் நாற்பத்து மூன்று வீடு இருக்குமே என்பதால், என் வீடு குடியில்லாத கொட்டகை, நான் அங்கே வசிப்பது கிடையாது என்று நானே எழுதிக்கொடுத்த மாதிரி ஒரு தாள் கொண்டுவந்திருந்தார். வாங்கிப் படித்தேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, என் பெண் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள், வெளியே வாசலுக்கு எதிரே நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் அவரவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை. யாரும் உள்ளேயும் போகவில்லை.

செய்ததற்கு வருத்தப்படுகிறாயா என்று ஐயா கேட்கிறார்கள். ஒன்றிய அலுவலகத்தில் கிழித்ததற்கு எனக்கு வருத்தம் இல்லை. அதற்குச் சட்டம் என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்த அந்தத் தாளையும் கிழிக்கத்தான் கை போனது. வாசலில் நின்றவர்களைப் பார்த்தேன். கிழிக்கவில்லை. மாமாவிடம் பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இதில் உள்ளவை நான் சொன்னவை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், ஓர் இடத்தில் அம்சவல்லியின் பெயர் தவறாக இருந்ததைத் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) க. பொற்கொடி

என் முன் சொல்லக் கேட்டு எழுதப்பட்டது.
காவல் ஆய்வாளர்